ஏறாத ஆளை முதல்ல வண்டியில ஏத்து

நேத்து ராத்திரி நீ போன்ல கேட்டப்பவே பதில் சொல்லியிருப்பேன். என் பெரியவன் பக்கத்துல படுத்திருந்தான். 'பார்க்'னு ஒரு வார்த்தை அவன் காதுல விழுந்தா எப்போ, எத்தனை மணிக்கு, எந்த பஸ்ஸுன்னு விடிய விடியக் கேள்விதான். அதனால எழுதுறேன். குன்றாண்டார்கோவில்ல இருந்து புதுக்கோட்டைக்குக் கடிதாசியான்னு சிரிக்காதே. படிச்சிட்டு பீரோ கதவுல ஒட்டி வை.

உன் மூத்தவளுக்கு 2025 டிசம்பர்ல திருப்போரூர் பக்கம் திறந்தாங்களே, அந்த வொண்டர்லாவுக்குப் போகணும். சின்னவனுக்கும் என் பெரியவன் மாதிரியே ஆட்டிசம்னு டாக்டர் சொல்லி ஒரு வருஷம்தான் ஆகுது. கூட்டத்தைப் பார்த்தாலே உன் முந்தானைக்குள்ள பூந்துக்கிறான். உங்க அத்தைக்கு முழங்கால் வலி, எதுலயும் ஏற மாட்டாங்க. "அவங்களுக்கும் டிக்கெட் எடுத்து பெஞ்சுல உட்கார வைக்கிறதுக்கு, வீட்டுலயே விட்டுட்டுப் போயிடலாம்ல அக்கா?"ன்னு கேட்டியே, அங்கதான் எனக்குத் தூக்கம் போச்சு. அத்தையை விட்டுட்டுப் போகாதே. வேணும்னா உன் வீட்டுக்காரரை விட்டுட்டுப் போ.

நானும் ஏறாத ஆளுதான், உனக்குத் தெரியும். ஊஞ்சல் ரெண்டு ஆட்டு ஆடினா எனக்குக் கிறுகிறுன்னு வரும். பெரியவனுக்கு எட்டு வயசா இருக்கும்போது முதல் தடவையா ஒரு பார்க்குக்குப் போனோம். எந்த ஊருன்னு கேட்காதே. மாமாவும் பிள்ளைங்களும் ஏறுறது, நான் பையைப் பார்த்துக்கிறதுன்னு ஏற்பாடு. அவங்க உள்ளே போன வாசல்லயே பையை மடியில வச்சிக்கிட்டு நான் உட்கார்ந்திருக்கேன். ரைடு முடிஞ்சு வெளிய விடுற வாசல் சுத்திக்கிட்டு அந்தப் பக்கம் இருக்குன்னு எனக்குத் தெரியாது. மாமா சின்னவளோட பெல்ட்டைக் கழட்டிக்கிட்டு இருந்த நேரத்துல, இவன் வெளிய வந்து பார்த்திருக்கான். அம்மா இல்ல. ஓட்டம் பிடிச்சிட்டான். இருபது நிமிஷம் தேடினோம். தண்ணி சறுக்குக்குப் பின்னாடி மோட்டார் ஓடுற ரூம் ஜன்னலைப் பிடிச்சிக்கிட்டு, பம்பு சுத்துறதைப் பார்த்துக்கிட்டு நின்னான். அழக்கூட இல்ல. நான்தான் அழுதேன்.

அன்னிக்கு நாங்க பண்ணின தப்பு, ஏறாத ஆளைப் பை மாட்டுற ஆணி மாதிரி நினைச்சதுதான். கூட்டம், சத்தம், வெயில், ஒரு நிமிஷத்துக்கு ஒரு புது விஷயம்னு இருக்கிற இடத்துல, அசையாம ஒரே இடத்துல இருக்கிற ஒரு ஆள் உன் சின்னவனுக்கு வேணும். உங்க அத்தைதான் அது. அவங்க உட்கார்ந்திருக்கிற இடம்தான் அன்னிக்கு அவனுக்கு வீடு. எதுல இருந்து இறங்கினாலும் அங்க வந்து சேரணும்.

அதனால அத்தைக்கு வேலை பிரிச்சுக் கொடு. உள்ளே போன உடனே ரைடைத் தேடாதே. முதல்ல அத்தைக்கு நிழலா, சாய்மானம் இருக்கிற, ஸ்பீக்கருக்குத் தூரமான ஒரு இடம் தேடு. அதைச் சின்னவனுக்குக் காட்டி, ஒரு தடவை அங்க உட்கார்ந்து தண்ணி குடிக்க வை. அவன் எதுலயாவது ஏறினா, அத்தை நிக்க வேண்டியது வெளிய விடுற வாசல்ல. உள்ளே போற வாசல்ல இல்ல. ரெண்டும் எங்கன்னு ஏறுறதுக்கு முன்னாடியே ரைடு ஆப்பரேட்டர்கிட்ட கேட்டுக்கோ. அத்தைக்குக் கண்ணுல படுற நிறத்துல சேலை கட்டச் சொல்லு. நான் மஞ்சள் கட்டுவேன். கூட்டத்துல அவன் முகத்தைத் தேட மாட்டான், நிறத்தைத்தான் தேடுவான்.

டிக்கெட் காசு கஷ்டமாத்தான் இருக்கும். நிறைய இடத்துல ஏறாதவங்களுக்கும் அதே டிக்கெட்தான். மூத்தவங்களுக்குக் குறைச்சு உண்டான்னு போன் பண்ணிக் கேளு. அந்த வொண்டர்லா 64 ஏக்கர். முழங்கால் வலிக்காரங்க அதை நடந்து தீர்க்க முடியாது, வீல்சேர் கிடைக்குமான்னும் சேர்த்துக் கேட்டுடு. ஒண்ணு மறந்துடாதே: ஏறாதவங்களுக்கும் பசிக்கும், பாத்ரூம் வரும், போரடிக்கும். மத்தியானம் ஒரு மணி நேரம் நீ அந்த பெஞ்சுல உட்காரு, அத்தை மூத்தவளோட போயி ஐஸ்கிரீம் சாப்பிட்டு வரட்டும். "இவ்ளோ தூரம் வந்துட்டு ஒரு தடவை ஏறிப் பாருங்களேன்"னு மட்டும் யாரும் சொல்லக் கூடாது. அத்தைக்கும் சொல்லக் கூடாது, சின்னவனுக்கும் சொல்லக் கூடாது. அந்த வார்த்தையை என்கிட்ட எத்தனை பேர் சொல்லியிருக்காங்க தெரியுமா? அதைக் கேட்கும்போது வர்ற எரிச்சல்லதான், பெரியவனை வற்புறுத்தும்போது அவனுக்கு என்ன ஆகும்னு எனக்குப் புரிஞ்சது.

இப்போ உன் சின்னவன் விஷயத்துக்கு வர்றேன். அதுக்கு முதல்ல பெரியவன் கதையைக் கேளு.

நம்ம கோயிலுக்கு வர்றப்போ எல்லாம் பெரியவன் எங்க போயி உட்காருவான்னு பார்த்திருப்பே. குடைவரைக்குள்ள சாமி பார்க்க வர மாட்டான், இருட்டு. முன்னாடி தேர் மாதிரி கட்டியிருக்கிற மண்டபம், கல் குதிரை, கல் சக்கரம், அதுக்கு எதிர்லதான் உட்காருவான். குடைவரை பல்லவர் காலம், மண்டபம் பல நூறு வருஷம் பின்னாடின்னு வர்றவங்க எல்லாம் சொல்லிக்கிட்டுப் போவாங்க. அவனுக்கு அதெல்லாம் இல்ல. சக்கரம்னா உயிர், ஆனா அது ஓடக் கூடாது. ஓடினா அவன் கையில ஓடணும். வீட்டுல சைக்கிளைக் கவுத்துப் போட்டு மணிக்கணக்கா பெடலைச் சுத்துவான், தானே நின்ன இடத்துல கிறுகிறுன்னு சுத்துவான். அதைப் பார்த்து ஏமாந்துதான் 'இவனுக்குச் சுத்துறது பிடிக்கும், ராட்டினத்துல ஏத்தலாம்'னு நினைச்சேன். நார்த்தாமலை பங்குனித் திருவிழாவுல ஏத்தினேன். பாதிச் சுத்துல கத்தின கத்துல ராட்டினக்காரர் நிறுத்திட்டார்.

திருச்சியில அவனுக்கு ஆக்குபேஷனல் தெரபி கொடுக்குற மேடம்தான் விளக்கினாங்க. உடம்பு சாயுது, சுத்துது, விழுதுன்னு மூளைக்குச் சொல்றது காதுக்கு உள்ளே இருக்கிற ஒரு பாகம். இந்தப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு அந்தச் செய்தி ரொம்பக் கம்மியாப் போகும், அதனால சுத்திக்கிட்டே இருப்பாங்க. சில பேருக்கு ரொம்ப அதிகமாப் போகும், கால் தரையை விட்டு எழும்பினாலே உயிர் போற மாதிரி இருக்கும். ஒரே பிள்ளைக்கு ரெண்டும் இருக்கலாம். தானா சுத்தினா எப்ப வேணும்னாலும் நிறுத்தலாம். ராட்டினத்துல சுவிட்சு வேற ஒருத்தர் கையில. அவனோட பயம் வேகத்துக்கு இல்ல, நிறுத்த முடியாததுக்கு.

இதைத் தெரிஞ்சுக்கிட்ட பிறகு நாங்க கண்டுபிடிச்ச வழி சின்னது, ஆனா அதுலதான் எல்லாம் மாறிச்சு. எந்த ரைடையும் முதல்ல வெளிய நின்னு மூணு சுத்து பார்க்கணும். கையில ஸ்டாப்வாட்ச். பெரும்பாலான ரைடு ரெண்டு மூணு நிமிஷத்துல நின்னுடும். அது தானா நிக்கும்னு அவன் மூணு தடவை கண்ணால பார்க்கணும். எண்ணணும். மூணாவது தடவை முடியப்போற நேரத்தை அவனே சரியாச் சொல்லிட்டான்னா, அவன் ஏறத் தயார்னு அர்த்தம். சொல்லலேன்னா அடுத்த ரைடு. இதைச் செய்ய யாருக்குப் பொறுமை இருக்கும்? மூத்தவளோட ஓடுற உனக்கு இருக்காது. ஏறாத அத்தைக்குத்தான் இருக்கும். ஸ்டாப்வாட்ச் அமுக்க மட்டும் சொல்லிக்கொடுத்துடு.

அங்க 43 ரைடு இருக்குன்னு விளம்பரத்துல போட்டிருக்காங்க. நீ நாலு வச்சிக்கோ. கோஸ்டர் ஒண்ணுக்கு 'தஞ்சோரா'ன்னு பேர் வச்சிருக்காங்க, தண்டவாளத்துக்குக் கீழே காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போறது. நம்ம பக்கத்து ஊருப் பேரா இருக்கேன்னு ஆசைப்பட்டு சின்னவனைக் கூட்டிட்டுப் போயிடாதே. அது மூத்தவளுக்கும் அவ அப்பாவுக்கும். அதுவும் அவ உயரம் போதுமான்னு வீட்டுலயே சுவர்ல கோடு போட்டு அளந்துட்டுப் போ. வரிசையில நின்னு கடைசியில உயரம் பத்தலேன்னு திருப்பி அனுப்பினா, சாதாரணப் பிள்ளையே தாங்காது.

ஒரேயடியா அங்க போயி இறங்காதே. சின்னச் சின்ன இடமா பழக்கு. பொருட்காட்சியோ திருவிழாவோ வந்தா, ராட்டினம் பூட்டிக்கிட்டு இருக்கிற பகல் நேரத்துல கூட்டிட்டுப் போ. ஓடாத ராட்டினத்தைப் பார்க்கட்டும். இருட்டு ஒத்துக்குமான்னு பார்க்க, திருச்சி ஏர்போர்ட் பக்கத்துல அண்ணா அறிவியல் மையத்துல கோளரங்கம் இருக்குல்ல, அது நல்ல பரீட்சை. வாசல் பக்கத்து சீட்டாப் பார்த்து உட்காரு. ஸ்ரீரங்கம் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா நடக்கிறதுக்கு, புது இடத்துல ரெண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கிறானான்னு பார்க்குறதுக்கு. பெரியவனுக்கு இந்தப் படி ஏற ஒன்றரை வருஷம் ஆச்சு. உனக்கு அவ்வளவு ஆகணும்னு இல்ல.

யூடியூப்ல ஒவ்வொரு ரைடுலயும் ஏறினவங்க கேமராவைப் பிடிச்சிக்கிட்டு எடுத்த வீடியோ இருக்கும். முதல்ல சத்தம் இல்லாம காட்டு, ரெண்டு நாள் கழிச்சுச் சத்தத்தோட. அப்புறம் நம்ம வரிசைப் படம்: ரயில், லாட்ஜ், வாசல், அத்தை பெஞ்சு, ரைடு, சாப்பாடு, திரும்ப ரயில். நாலு மூலை மடங்காத அட்டையில ஒட்டு. முடிஞ்சதை அவனே கிழிச்சு எடுக்குற மாதிரி வெல்குரோ வச்சா நல்லது. கடைசிப் படம் வீடா இருக்கணும். எங்க போனாலும் வீட்டுக்கு வந்துடுவோம்னு அந்த அட்டையைத் தடவிப் பார்த்துக்கிட்டேதான் பெரியவன் வருவான்.

நாள் விஷயத்துல நான் சொல்றதைக் கேளு. அரையாண்டு லீவுல வேண்டவே வேண்டாம், காணும் பொங்கலன்னிக்கு அந்தத் திசைக்கே போகாதே. ஜனவரி கடைசி, பிப்ரவரி, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு செவ்வாயோ புதனோ. மூத்தவளுக்கு ஒரு நாள் ஸ்கூல் லீவு போட்டா குடி முழுகிடாது. ராத்திரி ரயில் பிடிச்சு, தூங்காத பிள்ளையை விடியக்காலம் இறக்கி, அன்னிக்கே பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் வரும். பல்லவன் எக்ஸ்பிரஸ்ல காலையில ஏறு, மத்தியானம் போயிச் சேரு, அன்னிக்கு ஒண்ணும் பண்ணாதே. மறுநாள் போ.

சத்தத்துக்குக் காது மூடி. ஆன்லைன்ல விலையைப் பார்த்து மலைக்காதே. நம்ம பக்கம் கிரஷர்ல வேலை பார்க்கிறவங்க மாட்டுற காது மூடி ஹார்டுவேர் கடையில கிடைக்கும், பெரியவனுக்கு அதுதான். போறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே வாங்கி, மிக்சி ஓடும்போது மாட்டிப் பழக்கு. அன்னிக்குத்தான் முதல் தடவை மாட்டினா அதுவே இன்னொரு தொந்தரவு.

தண்ணி விளையாட்டு தனிக் கதை. பருத்தித் துணியோட இறங்க விட மாட்டாங்க, நைலான் டிரெஸ்தான். அது ஈரமானதும் உடம்புல ஒட்டும், குளோரின் வாடை அடிக்கும், தரை காலைச் சுடும். எங்க சித்தப்பா வயல்ல பம்புசெட்டுத் தொட்டி இருக்கு, அங்க வந்து அந்த டிரெஸ்ஸோட நாலு நாள் குளிக்க வை. அலை அடிக்கிற குளத்துல அலை கிளம்புறப்போ ஜனம் மொத்தமும் ஒரே குரலாக் கத்தும். முதல் தடவை தூர நின்னு கேட்கட்டும். இன்னொண்ணு, இதுல விளையாட்டு இல்ல: இந்தப் பிள்ளைங்களுக்குத் தண்ணியைக் கண்டா ஒரு இழுப்பு உண்டு, ஆபத்து தெரியாது. லைஃப்கார்டு இருக்காரேன்னு நம்பி நிக்காதே. தண்ணிகிட்ட ஒரு கை எட்டுற தூரத்துல பெரிய ஆள் ஒருத்தர் எப்பவும் இருக்கணும். அது அத்தை வேலை இல்ல, உன் வீட்டுக்காரர் வேலை.

ஃபிட்ஸ் வந்த பிள்ளையா இருந்தா, மின்னுற லைட்டு, சுத்துற ரைடு எது ஆகும் எது ஆகாதுன்னு டாக்டர்கிட்ட கேட்காம கிளம்பாதே. ஆட்டிசம் பிள்ளைங்களுக்கு ஃபிட்ஸ் மத்த பிள்ளைங்களை விட அதிகமா வரும். ஊருக்குப் போற அவசரத்துல மாத்திரை நேரம் தவறக் கூடாது. பிள்ளை அமைதியா இருக்கட்டும்னு யாரோ சொல்ற புது மருந்தை அன்னிக்குக் கொடுத்துப் பார்க்கவும் கூடாது.

வரிசையைப் பத்திக் கேட்டியே. அமெரிக்காவுல டிஸ்னி பார்க்குகள்ல ஆட்டிசம் மாதிரி பிரச்சினை இருக்கிறவங்க வரிசையில நிக்காம, வர வேண்டிய நேரத்தை வாங்கிக்கிட்டு வேற இடத்துல காத்திருக்கலாம். அப்பா ஏறி இறங்குற வரைக்கும் அம்மா பிள்ளையோட வெளிய இருந்துட்டு, அப்புறம் அம்மா மறுபடி வரிசை பிடிக்காம ஏறலாம். அதுக்கும் தனி ஏற்பாடு. டெக்சாஸ்ல சான் ஆன்டோனியோவுல ஒரு அப்பா, தன் மகளோட விளையாட மத்த பிள்ளைங்க தயங்கினதைப் பார்த்துட்டு, 2010ல மோர்கன்ஸ் வொண்டர்லேண்டுன்னு ஒரு பார்க்கே கட்டிட்டாரு. மாற்றுத்திறனாளிகளுக்கு அங்க டிக்கெட்டே கிடையாது.

நம்ம ஊர்ல கேட்டு வாங்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கிற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு. ஆனா வாசல்ல நிக்கிற பையனுக்கு அந்த வார்த்தை தெரியாது. "பார்க்க நல்லாத்தானே இருக்கான்"னு சொல்லுவான். அவனைக் குத்தம் சொல்லிப் பிரயோசனம் இல்ல. பத்து நாள் முன்னாடியே பார்க்குக்கு இமெயில் அனுப்பு. பிள்ளைக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்காது, தயிர்சாதம் கொண்டு வரலாமா, வரிசையில நிக்க முடியாது, என்ன செய்யலாம், சத்தம் இல்லாத ரூம் உண்டா. பதிலைப் பிரிண்ட் எடு. அதோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை (யூ.டி.ஐ.டி. கார்டு) நகல், டாக்டர் கடிதம். ஒண்ணும் நடக்கலேன்னா, உன் வீட்டுக்காரர் வரிசையில நிக்கட்டும். கடைசி அஞ்சு ஆள் இருக்கும்போது போன் அடிச்சா நீ சின்னவனைக் கூட்டிட்டுப் போ. பின்னாடி நிக்கிறவங்ககிட்ட முதல்லயே சொல்லி வச்சிடணும். நம்ம ஜனம் சொன்னா விடும், சொல்லாம நுழைஞ்சாத்தான் சண்டை.

வாசல்ல நுழையுறதுக்கு முன்னாடி, சின்னவனை அன்னிக்குப் போட்டிருக்கிற டிரெஸ்ஸோட, செருப்பு தெரியுற மாதிரி ஒரு போட்டோ எடு. கையில உன் நம்பரைப் பால்பாயின்ட் பேனாவால எழுதி, மேல டிரான்ஸ்பரண்ட் பிளாஸ்திரி ஒட்டு. சட்டைக்கு உள்ளே ஒரு அட்டை: பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், பிடிச்சு இழுக்காதீங்க, இந்த நம்பருக்குப் போன் பண்ணுங்க.

இவ்வளவும் பண்ணினாலும் ஒரு தடவை வெடிக்கும். அது அடம் இல்ல. அடம் பிடிக்கிற பிள்ளை நாம பார்க்குறோமான்னு ஓரக்கண்ணால பார்க்கும். இவனுக்கு அப்ப நாம இருக்கோம்கிறதே தெரியாது. பேச்சைக் குறை, கேள்வி கேட்காதே, கூட்டத்துல இருந்து ஓரமாக் கொண்டு போ. இறுக்கிப் பிடிச்சா அடங்குற பிள்ளையா, தொட்டா இன்னும் கத்துற பிள்ளையான்னு உனக்குத் தெரியும். "ரெண்டு போட்டா சரியாயிடும்"னு ஒரு பெரியவர் கட்டாயம் வருவார், எல்லா ஊர்லயும் வருவார். அவருக்குப் பதில் சொல்ற வேலையையும் அத்தைகிட்ட கொடுத்துடு. வயசானவங்க சொன்னா வயசானவங்க கேட்பாங்க. எங்க வீட்டுல அப்பத்தா இருந்த வரைக்கும் அவங்கதான் எழுந்து, "உங்க பேரனுக்குப் போடுங்கய்யா"ன்னு சொல்லுவாங்க.

சாயங்காலம் வரைக்கும் இருந்து டிக்கெட் காசைக் கழிக்கணும்னு நினைக்காதே. நல்லாப் போயிக்கிட்டு இருக்கும்போதே, மூணு மணிக்குக் கிளம்பிடு. மூத்தவ மூஞ்சியைத் தூக்குவா. அவளுக்கும் அப்பாவுக்கும் இன்னும் ரெண்டு மணி நேரம் கொடுத்துட்டு, நீயும் அத்தையும் சின்னவனும் லாட்ஜுக்குப் போயிடுங்க. அண்ணன் தம்பிக்காக எல்லாத்தையும் விட்டுக்கொடுத்தே வளர்ந்த பொண்ணு என்ன ஆகும்னு நம்ம வீட்டுலயே பார்த்திருக்கோம், அதை வேற நான் எழுதணுமா.

பெரியவன் இதுவரைக்கும் மூணு பார்க்குக்கு வந்துட்டான். ஜெயண்ட் வீல்ல இன்னும் ஏறல. அதுக்கு எதிர்ல என் பக்கத்துல உட்கார்ந்து கூண்டை எண்ணுவான், எது எந்த நிறம், எதுல கதவு சரியா மூடலன்னு சொல்லுவான். போன தடவை ஒரு ஆப்பரேட்டரே வந்து அவன் சொன்ன கதவைத் திருகிட்டுப் போனார்.

அப்புறம், அத்தைகிட்ட செருப்பு சைஸ் கேட்டு அனுப்பு. அங்க பாதித் தரை ஈரம்தான். வழுக்காத, பின்னாடி பட்டை வச்ச செருப்பு ஒண்ணு இங்க கீரனூர்க் கடையில பார்த்து வச்சிருக்கேன். சனிக்கிழமை சந்தைக்குப் போகும்போது வாங்கிடுறேன்.